ஒரு மடல், ஏழு பிரதிகள்

நிர்வாக இயல் தோன்றிய நாள் முதல் இன்றுவரை நடந்த சீர்திருத்தங்களில் தலைசிறந்தது, ஒரே மனிதருக்கு ஒரே கடிதத்தை ஏழு முறை அனுப்பியதுதான். அந்த ஆறு மாடி அலுவலகத்தில் இதைப் பற்றி இரண்டு கருத்து இருந்ததில்லை. இரண்டாவது கருத்து உள்ளவர்கள் அதை வெளியே சொன்னதில்லை.

சீர்திருத்தத்தை நிறைவேற்றிய பெருமை சர்வரம்மாவைச் சேரும். அலுவலகத்தின் மின்னஞ்சல் சர்வரை ஒன்பது ஆண்டுகளாகக் கட்டி மேய்ப்பவர். இன்னும் தற்காலிக ஊழியர்தான். நிரந்தர உத்தரவு இயக்குநர் மேஜையில் கையெழுத்துக்காக மூன்று ஆண்டுகளாகக் காத்திருந்தது.

ஒரு நாள் இயக்குநர் அவரைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஏம்மா, இந்த ஆபீஸ்ல நான் யாரு?"

"இயக்குநர் சார்."

"அப்புறம்?"

"பாதுகாப்புக் குழுத் தலைவர், பராமரிப்புக் குழுத் தலைவர், சிக்கனக் குழுத் தலைவர், நலக் குழு, வரவேற்புக் குழு..." சர்வரம்மா மூச்சு வாங்கிக்கொண்டார். "குழுக்களைக் குறைக்கிற குழுவுக்கும் தலைவர் சார்."

"ஆக மொத்தம் ஏழு. 'அனைத்துத் தலைவர்களுக்கும்'னு நேத்து ஒரு மடல் போச்சு. எனக்கு எத்தனை வந்தது? ஒண்ணு! மத்த ஆறு தலைவரும் பக்கத்து வீட்டுல இரவல் வாங்கிப் படிக்கணுமா?"

சர்வரம்மா பொறுமையாக விளக்கினார். ஒருவர் பெயர் எத்தனை பட்டியலில் இருந்தாலும், சர்வர் எல்லாவற்றையும் விரித்துப் பார்க்கும். ஒரே முகவரி திரும்பத் திரும்ப வந்தால் ஒரு பிரதியை மட்டும் பெட்டியில் போட்டுவிட்டு மிச்சத்தை விட்டுவிடும்.

"யாரைக் கேட்டு விடுது? ஓட்டல்ல ஏழு காபி சொன்னா சர்வர் ஏழு கொண்டுவர்றான். 'நீங்க ஒரே டேபிள்தானே, ஒண்ணு போதும்'னு சொல்றானா?"

சொல்லிக்கொண்டே மேஜையிலிருந்த நிரந்தர உத்தரவை எடுத்தார், தூசு தட்டினார், மறுபடி அங்கேயே வைத்தார். சர்வரம்மாவுக்கு விஷயம் விளங்கிவிட்டது. அன்று மதியமே, மிச்சப் பிரதிகளை விட்டுவிடும் அந்த வசதியை அணைத்தார்.

அலுவலகம் புத்துயிர் பெற்றது. மனிதர்கள் பிரதியால் அளக்கப்பட்டார்கள். மூன்று பிரதிக்காரர் வந்தால் இரண்டு பிரதிக்காரர் எழுந்து நின்றார். தலைமை எழுத்தர் சர்வரம்மாவின் அறைக்கே வந்து குழைந்தார்.

"என்னையும் ஏதாவது ஒரு குழுவுல சொருகி விடுங்களேன். ஒத்தப் பிரதிக்காரனுக்கா வாழ்க்கைப்பட்டோம்னு வீட்டுல கேக்குறா."

இந்தப் பொற்காலத்தில்தான் ஒரு திங்கட்கிழமை, லிஃப்ட் மெக்கானிக் மடல் ஒன்று எழுதினார். லிஃப்டைத் தாங்கும் கம்பி தேய்ந்துவிட்டது, உடனே நிறுத்தி மாற்ற வேண்டும், நிறுத்த அனுமதி தேவை. ஒருவரும் விட்டுப்போகக் கூடாதே என்று 'அனைத்துத் தலைவர்களுக்கும்' அனுப்பினார்.

பத்து மணி பதினான்கு நிமிடத்துக்கு ஏழு பிரதிகளும் போய்ச் சேர்ந்தன. நிர்வாகம் மின்னல் வேகத்தில் இயங்கியது. பராமரிப்புக் குழுத் தலைவர் அதைப் 'பாதுகாப்பு சார்ந்தது' என்று பாதுகாப்புக் குழுத் தலைவருக்குத் தள்ளினார். அவர் 'செலவு சார்ந்தது' என்று சிக்கனக் குழுத் தலைவருக்குத் தள்ளினார். அவர் 'பராமரிப்பு சார்ந்தது' என்று பராமரிப்புக்கே திருப்பினார். எல்லாம் ஒரே நாற்காலியிலிருந்து, படித்துப் பார்க்காமலே. மடல் சுற்றுவதை சர்வரம்மா தன் திரையில் பார்த்தார். மேலிடத்தில் தீவிரமாக ஆலோசிக்கிறார்கள் போலும் என்று நினைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை, டீக்கார அக்கா தேநீர் வண்டியை லிஃப்டுக்குள் தள்ளினார். நான்காவது மாடியை எட்டுவதற்குள் கம்பி அறுந்தது. விழும் லிஃப்டைப் பிடித்து நிறுத்தும் அவசரப் பூட்டு, ஒன்றரை மாடி கீழே போன பிறகுதான் பிடித்தது. வண்டி அக்காவின் மேல் சாய்ந்து, இடது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. லிஃப்டின் கதவை நெம்பித் திறந்தவர் மெக்கானிக். ஆம்புலன்ஸ் வரும்வரை அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவர் சர்வரம்மா.

மறுநாளே விசாரணைக் குழு கூடியது. தலைவர் ஒருவர், உறுப்பினர்கள் இருவர். மூவரும் தவறாமல் வந்திருந்தார்கள். ஒரு நாற்காலி போதுமானதாக இருந்தது.

"'உரிய நேரத்தில் மடல் உரியவரைச் சேராததே விபத்துக்குக் காரணம்'," என்று இயக்குநர் அறிக்கையை வாசித்தார். "ஏகமனதான முடிவு. சர்வர் பொறுப்பாளர்னு கீழ ஒரு கையெழுத்துப் போடும்மா."

சர்வரம்மா பதிவுத் தாளை நீட்டினார். "சேர்ந்திருக்கு சார். பத்து பதினாலுக்கு. ஏழும் உங்களுக்குத்தான்."

"அது பாதுகாப்புக் குழுத் தலைவருக்கு வந்தது. நான் இப்போ விசாரணைக் குழுத் தலைவர்."

"அப்போ அவரை வரச்சொல்லி விசாரிங்க சார்."

இயக்குநர் சற்று யோசித்தார்.

"அவர் இன்னிக்கு லீவு."

பிறகு நிரந்தர உத்தரவை எடுத்து, பேனா மூடியைத் திறந்து, சர்வரம்மாவைப் பார்த்தார். ஒன்பது வருடம் எதிர்பார்த்த காகிதம் ஒரு சாண் தூரத்தில் இருந்தது.  சர்வரம்மா கையெழுத்துப் போடாமலே அறிக்கையை மெல்ல இயக்குநர் பக்கம் தள்ளிவிட்டு எழுந்தார்.

"உக்காரும்மா. நான் இன்னும் முடிக்கல."

"நீங்க மூணு பேரும் பேசி முடிங்க சார்," என்று வெளியே வந்தார்.

அங்கிருந்து நேரே மருத்துவமனை. டீக்கார அக்காவின் கால் மாவுக்கட்டோடு தூக்கிக் கட்டப்பட்டிருந்தது.

"லிஃப்ட் அறுந்துடும்னு முன்னாடியே யாருக்கோ லெட்டர் போச்சாமே. நெசமா?"

"போச்சுக்கா. ஏழு போச்சு."

அக்கா தூக்கிக் கட்டிய காலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஏழு பேருக்குத் தெரிஞ்சும் ஒருத்தருக்குக்கூட மனசு வரலியா?"

"ஏழு பேர் இல்லக்கா. ஒரே ஆளு," என்றார் சர்வரம்மா. "ஏழு பேரா ஆக்கி விட்டது நான்தான்."