இரண்டு முறை தட்டப்பட்ட கதவு

செகொண்டி,
டிசம்பர் 19

மதிப்பும் வயதும் நிறைந்த தாய்மாமா குவெசி பைடூ அவர்களுக்கு, தங்கள் அக்காள் மகனும் செகொண்டியில் துக்கத் துணி தைப்பவனுமான ஜோஜோ அமிசா தலைவணங்கி எழுதுவது. இங்கு மனைவி அராபா நலம், மகள் எஃபுவா நலம், தையல் மெஷின் நலம். என் இடது முழங்கை மட்டும் முழு நலம் இல்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். குமாசியில் வறண்ட காற்று தங்கள் இருமலைக் கிளப்பவில்லை என்றும், தங்கள் முழங்கால் ஒரு மாதிரி மடங்கி நீள்கிறது என்றும் நம்புகிறேன்.

எஃபுவாவைப் பெண் கேட்டு வந்த அன்று நம் வீட்டில் என்ன கலவரம், கேள்விப்பட்டதெல்லாம் மெய்யா என்று ஆள் விட்டுக் கேட்டிருந்தீர்கள். போனில் சொல்லலாம் என்றால் நான் சொல்வது ஒன்று, தங்கள் காதில் விழுவது வேறொன்று. போன தடவை எனக்குத் தோல் வியாதி என்றேன். தோல் வியாபாரமா, நல்லது, தைரியமாகச் செய் என்று ஆசீர்வாதமே செய்துவிட்டீர்கள். அப்புறம் வியாதி என்பதைக் கடிதத்தில்தான் புரியவைத்தேன். எனவே இதையும் எழுதுகிறேன். கேள்விப்பட்டதெல்லாம் மெய்தான். ஆனால் குற்றம் முழுக்க என்னுடையது அல்ல, உங்கள் உத்தரவுக்கும் அதில் பங்கு உண்டு என்பதை மரியாதையோடு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் தலையில்தான் ஆரம்பித்தது. செதில் செதிலாக உதிர்ந்தது. வேறு தொழிலாக இருந்தால் உதிர்ந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருப்பேன். நான் தைப்பதோ கறுப்புத் துணி. தலைமையாசிரியர் இறந்தபோது அவர் மனைவிக்குத் தைத்துக் கொடுத்த உடையை அந்த அம்மா வெளிச்சத்தில் விரித்துப் பார்த்துவிட்டு, "என்ன மாஸ்டர், தோள்ல பவுடர் கொட்டியிருக்கு?" என்றார். தையல் சாக்கட்டித் தூள் என்று சொன்னேன். அந்தச் சாக்கட்டியை வைத்தே ஒரு வருடம் ஓட்டினேன். அப்புறம் முழங்கை, முழங்கால், உள்ளங்கை எல்லாம் சிவந்து தடித்து வெள்ளை வெள்ளையாக உரிந்தபோது, சாக்கட்டி எங்கெங்கே ஏறும் என்று ஊர் யோசிக்க ஆரம்பித்தது. என் கையைப் பிடித்துக் குலுக்கி முறைப்படி விரலோடு விரல் சொடுக்கிவிட்டுப் போய்க்கொண்டிருந்தவர்கள் சாக்கடைக்கு அந்தப் பக்கம் நின்றே கையாட்டினார்கள். அளவெடுக்க வந்தவர்கள், பழைய அளவே சரியாக இருக்கும் மாஸ்டர் என்றார்கள். பத்து வருடத்துக்கு முந்தைய அளவு, மாமா, அதற்குப் பிறகு மூன்று பிள்ளை பெற்றவர்கள்.

பார்க்காத வைத்தியம் இல்லை. கடல் தண்ணீர் நல்லது என்று மீனவர்கள் சொன்னார்கள். விடிந்ததும் போய்க் கழுத்தளவு நின்றேன். எரிச்சலில் நான் குதிப்பதைப் பார்த்து, சும்மா குதிப்பதற்கு வலையை இழுக்கலாமே என்றார்கள். மூன்று வாரம் வலை இழுத்தேன். புஜம் இரண்டும் கல்லாகிவிட்டன, தோல் அப்படியே இருந்தது. அதற்கடுத்து, பஸ்ஸில் ஒலிபெருக்கி பிடித்துக்கொண்டு வருபவன் விற்ற பச்சைப் பாட்டில். மூலம், இடுப்புவலி, பரீட்சை பயம், படை எல்லாவற்றுக்கும் அதே பாட்டில்தான். இரண்டு மூடி குடித்தேன். அன்றைக்கு நான் போகவேண்டிய ஊருக்குப் போகவில்லை, வழியில் ஒரு கொக்கோத் தோட்டத்திலேயே பொழுது கழிந்தது. இதையெல்லாம்கூட மன்னிக்கலாம். சந்தையில் ஒருத்தி கொடுத்த களிம்பைத்தான் மன்னிக்க முடியாது. ஒரே வாரத்தில் தோல் கைக்குழந்தைத் தோல் ஆகிவிட்டது. நான் அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு ஊரைச் சுற்றிவந்தேன். ஏழு மாதம், காலை மாலை, வெண்ணெய் மாதிரி அதை அப்பினேன். தோல் மெலிந்து மெலிந்து நகம் பட்டால் கிழிகிற நிலைக்கு வந்தது. ஒருநாள் அவளிடம் சரக்குத் தீர்ந்துபோயிற்று. பத்தே நாளில் பழைய வியாதி தன் சொந்தபந்தத்தோடு திரும்பி வந்தது. தலை முதல் கால் வரை சிவப்பு. போர்வை பட்டால் எரிந்தது. நான் அறையைவிட்டு வெளியே வரமாட்டேன் என்றேன். அராபா கதவுக்கு வெளியே நின்று, "சரி, நீ வராத. நான் பஸ்ஸை இங்க கூட்டிட்டு வரேன்" என்றாள். சொன்னபடியே ஒரு வேன்காரனைக் கதவோடு ஒட்டி நிறுத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

அங்கேதான் தோல் வியாதி நர்ஸ் லமிசியைப் பார்த்தேன். வடக்குப் பெண், என் மகளைவிட நாலைந்து வயது பெரியவளாக இருப்பாள். நான் சட்டையைக் கழற்றியதும் அவள் உறை எதுவும் போடாமல் வெறுங்கையால் என் முழங்கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அராபாவைத் தவிர ஒரு மனித விரல் அந்த இடத்தில் பட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது.

"வலிக்குதா அப்பா?"

"இல்ல சிஸ்டர். தொடுறீங்களே, ஒட்டிக்காதா?"

"ஒட்டுற வியாதியா இருந்தா எனக்கு எப்பவோ வந்திருக்கணும். இதுக்குப் பேரு சொரியாசிஸ். யாரும் சாபம் விடல, நீங்க பாவம் செய்யல. என்ன வேலை பாக்குறீங்க?"

"தையல்."

"அப்ப உங்களுக்குச் சொல்றது சுலபம். மேல்தோல் வளர ஒரு மாசம் ஆகணும். உங்க உடம்பு அதை அவசர ஆர்டர்னு நெனச்சு நாலு நாள்ல தைக்குது. ஓரம்கூட மடிக்காம டெலிவரி குடுக்குது. அதான் பிரிஞ்சு பிரிஞ்சு விழுது."

மாமா, இத்தனை வருடமாக என் உடம்பில் என்ன நடக்கிறது என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. இவள் அரை நிமிடத்தில் சொல்லிவிட்டாள். முழுக்கக் குணமாகிவிடுமா என்று கேட்டேன். "பொய் சொல்ல மாட்டேன். வரும், போகும். ஆனா அடக்கி வெச்சுக்கலாம். நீங்க அதுக்கு வேலைக்காரனா இருக்க வேணாம்" என்றாள். செதிலை இளக்க ஒரு களிம்பு. பிறகு தார் களிம்பு. அதைப் பூசினால் புதிதாய்ப் போட்ட ரோடு மாதிரி மணக்கிறேன், பக்கத்து வீட்டுக்காரர் நகராட்சி வந்துவிட்டதென்று இரண்டு முறை வெளியே ஓடிவந்து பார்த்தார். குளித்த ஈரம் காயும் முன்னால், வடக்கே ஷியாக் கொட்டையில் எடுக்கும் ஷியா வெண்ணெய். காலை வெயிலில் கொஞ்ச நேரம், சிவக்கும் முன்னால் எழுந்துவிட வேண்டும். இதெல்லாம் போதாது என்று டாக்டர் ரத்தம் பார்த்துவிட்டு ஒரு மாத்திரையும் எழுதினார். வாரத்துக்கு ஒரே நாள். தினமும் போட்டால் ஆளையே சாய்த்துவிடும் என்று லமிசி என்னை மூன்று முறை திருப்பிச் சொல்ல வைத்தாள். நான் திங்கள் என்றேன். திங்கள் என்று சுவரில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறோம். மறுநாள் வேறொரு சின்ன மாத்திரை, மாதாமாதம் ரத்தப் பரிசோதனை. சாராயம், பீர், ஜின் ஒரு சொட்டும் கூடாது. இந்தக் கடைசிச் செய்தியைக் கேட்டபோதுதான் அராபா அன்று முதல்முறை சிரித்தாள்.

மூன்று மாதம் கழித்து ஒருநாள் கறுப்புத் துணி தைத்து முடித்து உதறினேன். ஒன்றும் விழவில்லை. மறுபடி உதறினேன். அராபாவைக் கூப்பிட்டு அவளையும் உதறச் சொன்னேன். இருவரும் அந்தத் துணியை ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்துக்கொண்டு பைத்தியங்கள் மாதிரி உதறிக்கொண்டு நின்றோம்.

இந்த நேரத்தில்தான் ஓபெங் என்ற பையன் எஃபுவாவைக் கட்டிக்கொள்ள விரும்புகிறான், அவன் வீட்டார் டர்க்வாவிலிருந்து முறைப்படி பெண் கேட்டுக் கதவு தட்ட வருகிறார்கள் என்று செய்தி வந்தது. சந்தோஷமும் கவலையும் சேர்ந்தால் என் தோலுக்கு ஆகாது. இரண்டே வாரத்தில் முழங்கையிலும் கழுத்திலும் மறுபடி கிளம்பிவிட்டது. அப்போது உங்கள் கடிதமும் வந்தது. சித்தி மகன் எபோ, பெண்ணின் அப்பாவுக்குரிய நாற்காலியில் உட்காரட்டும் என்ற உங்கள் உத்தரவைப் படித்தேன். பெரியவர் சொல்லை மீறலாமா? எஃபுவாவிடம் சொன்னேன்.

"உங்க நாற்காலில சித்தப்பா உட்காந்தா நான் எழுந்து போயிடுவேன்."

"மாமா உத்தரவும்மா."

"மாமா உங்க கையைப் பாத்து வெட்கப்படுறாரா?"

"குடும்ப கௌரவம்னு ஒண்ணு இருக்குல்ல."

அவள் அழுதுவிட்டு ஒப்புக்கொண்டாள். அந்த அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது, அதையும் உங்கள் உத்தரவின் கணக்கில்தான் வைத்திருக்கிறேன்.

அன்று எபோ என் பட்டுத் துணியைப் போர்த்திக்கொண்டு என் நாற்காலியில் உட்கார்ந்தான். நான் சமையலறையில் செம்பனைச் சூப்பைக் கிண்டினேன். அடுப்புச் சூட்டில் உடம்பு அரிக்க ஆரம்பித்ததால் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, இடுப்புக்கு மேலே முழுக்க ஷியா வெண்ணெய் பூசிக்கொண்டு, கதவிடுக்கில் காதை வைத்தேன். அவர்கள் வந்து தட்டினார்கள், உட்கார்ந்தார்கள், ஜின் பாட்டிலை நடுவில் வைத்தார்கள். உங்கள் தோட்டத்தில் ஒரு பூவைப் பார்த்தோம் என்று ஆரம்பித்தார்கள். எல்லாம் முறைப்படி போய்க்கொண்டிருந்தது. பையனின் அம்மா மேடம் செர்வாதான் குறுக்கே கையைக் காட்டினார். "பூ கெடக்கட்டும். பொண்ணு பொறந்த கதையை அவ அப்பா வாயால கேக்கணும். அதுல தெரிஞ்சுடும் எனக்கு, எப்படி வளர்ந்திருப்பான்னு."

எபோ ஏற்கெனவே பயம் தெளிய எங்கோ ஒரு மடக்கு போட்டுவிட்டு வந்திருக்கிறான். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அன்னிக்கு ஞாயித்துக்கிழமை. சர்ச்சுல மணி அடிக்குது. நம்ம எஃபுவா பொறக்குறா" என்றான்.

வெள்ளிக்கிழமை பிறந்தவளுக்குத்தான் எஃபுவா என்று பெயர், இது நம் ஊரில் கோழிக்கும் தெரியும். பெற்ற அப்பனுக்குத் தெரியவில்லை. மாமா, நான் ஒன்றும் யோசிக்கவில்லை. என் காலே என்னை வெளியே கொண்டுவந்தது. "வெள்ளிக்கிழமைடா மடையா, வெள்ளிக்கிழமை. தலை வெளிய வந்தப்ப கொடி கழுத்தைச் சுத்தியிருந்துச்சு, அரைமணி நேரம் அழவே இல்ல" என்று கத்தினேன். கத்தி முடித்த பிறகுதான் தெரிந்தது, சட்டை இல்லாமல், கையில் கரண்டியோடு, வெண்ணெயில் மின்னிக்கொண்டு, அத்தனை படையும் எல்லோர் கண்ணுக்கும் தெரிய நடுக் கூடத்தில் நிற்கிறேன்.

"இவர் யாரு?" என்றார் மேடம் செர்வா.

"எங்கப்பா" என்றாள் எஃபுவா.

"அப்ப இந்த நாற்காலில இருக்கறவரு?"

"நான் சும்மா நாற்காலிக்கு" என்றான் எபோ.

மேடம் செர்வா என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "உடம்புல என்ன?" என்று கேட்டார். சொரியாசிஸ் என்றேன். அந்தச் சொல்லை வெளியாள் முன்னால் நான் சொன்னது அதுதான் முதல் தடவை. ஒட்டுமா என்றார். "ஒட்டாது. இருபத்தாறு வருஷமா அராபா பக்கத்துல படுக்குறா, அவளைப் பாருங்க" என்றேன். "என்னை யாரும் பாக்க வேணாம்" என்றாள் அராபா. பிள்ளைகளுக்கு வருமா என்று கேட்டார். எஃபுவா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வரலாம். வராமலும் போகலாம். எஃபுவாவுக்கு இதுவரை இல்ல. வந்தா யாரைப் பாக்கணும், எதைப் பூசணும், எதைப் பூசவே கூடாதுன்னு எனக்குத் தெரியும். என்னை மாதிரி அவ அஞ்சு வருஷம் அலைய மாட்டா" என்றேன்.

அவர் எழுந்தார். போய்விடப் போகிறார் என்று நினைத்தேன். நேரே சமையலறைக்குள் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "வேற யாரையும் ஒளிச்சு வெக்கலையே? தோல் எனக்குப் பெரிசில்ல. என் பிள்ளையோட மாமனாரை அடுப்படில ஒளிச்சீங்க பாருங்க, அதுதான் பெரிசு. சூப்பு வேற அடிப்பிடிக்குது" என்று சொல்லிவிட்டு, ஜின் பாட்டிலோடு தன் ஆட்கள் எல்லோரையும் வாசலுக்கு வெளியே கூட்டிக்கொண்டு போனார். கதவைச் சாத்தச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, முதலிலிருந்து, மறுபடி தட்டினார். செகொண்டியில் ஒரே பெண்ணுக்காக ஒரே நாளில் இரண்டு முறை தட்டப்பட்ட கதவு நம்முடையது மட்டும்தான்.

இந்தத் தடவை நாற்காலியில் நான் இருந்தேன். வலமிருந்து இடமாக எல்லோரும் கைகொடுத்துக்கொண்டே வந்தார்கள். என் கை வெண்ணெய் என்பதால் மேடம் செர்வாவோடு விரல் சொடுக்க முயன்றபோது இரண்டு முறை வழுக்கிவிட்டது. அவர் கையை விடவில்லை. மூன்றாவது முறை நன்றாகச் சத்தம் வந்தது. ஜின்னைத் தரையில் ஊற்றி முன்னோர்க்குக் கொடுத்தேன், என் வாயில் ஒரு சொட்டும் படவில்லை. போகும்போது கல்யாணத் துணியை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார். "வெள்ளைத் துணிதான் சம்பந்தி. என்ன உதிர்ந்தாலும் தெரியாது" என்றார். நான் சிரித்த சிரிப்பில் எபோ பயந்துவிட்டான்.

ஆக, கலவரம் இவ்வளவுதான். உங்கள் உத்தரவை மீறியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன், ஆனால் அப்படி ஒரு உத்தரவு போட்டது நியாயமா என்று நீங்களும் ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். பிப்ரவரியில் கல்யாணம். முழங்காலை எப்படியாவது சமாதானப்படுத்திக்கொண்டு வந்து சேருங்கள். தங்கள் ஆயுள் நீளட்டும், தங்கள் பல் உறுதியாக இருக்கட்டும், அத்தைக்கு எங்கள் எல்லோருடைய வணக்கமும்.

இப்படிக்கு,
கீழ்ப்படிய முயன்ற மருமகன்,
ஜோஜோ அமிசா

பின்குறிப்பு: உறையில் போடும் முன்னால் அராபா இதை வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு, "மாமா எப்ப உத்தரவு போட்டாரு?" என்று கேட்டு, மெஷின் இழுப்பறையிலிருந்து உங்கள் பழைய கடிதத்தை எடுத்துவந்து என் முன்னால் விரித்தாள். அதில் நீங்கள் எழுதியிருப்பது: "அன்றைக்கு உனக்கு உடம்பு முடியாமல் போனால் மட்டும் எபோ உட்காரட்டும். ஆனால் நீதான் உட்கார வேண்டும் ஜோஜோ, அதுதான் எனக்கு ஆசை." இத்தனை நாளாக நான் அந்தக் கடிதத்தில் எபோ உட்காரட்டும் என்ற இரண்டு சொல்லைத் தவிர வேறொன்றையும் படித்திருக்கவில்லை. இவ்வளவு பக்கத்தையும் மறுபடி எழுத விரலில் தெம்பில்லை. எனவே மேலே உங்கள் உத்தரவு என்று வரும் இடங்களிலெல்லாம் என் வெட்கம் என்று திருத்திப் படித்துக்கொள்ளவும்.