ஜன்னலோர மேஜையும் லினக்ஸும்

லினக்ஸ் கற்றுக்கொள்வது என்று நான் சபதம் எடுத்தபோது எனக்கு வயது ஐம்பத்தொன்று. லேப்டாப்புக்கு வயது ஒன்பது. எங்கள் இருவரில் யாருக்கு அதிகம் மூச்சு வாங்குகிறது என்பதில் வீட்டில் கருத்து வேறுபாடு இருந்தது.

முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். நான் ஓர் அச்சகத்தில் புரூப் பார்ப்பவன். ஒருவர் மூலப்பிரதியை உரக்க வாசிப்பார், இன்னொருவர் அச்சான தாளில் பிழை பார்ப்பார். இருபத்தாறு வருடமாக உரக்க வாசிப்பவன் நான். எழுத்தை மட்டும் வாசித்தால் போதாது. கமா, முற்றுப்புள்ளி, அடைப்புக்குறி எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்தாலும் வாய் நிற்காது. மளிகைப் பட்டியலைக்கூடக் கடையில் “பருப்பு கமா சர்க்கரை கமா சோப்பு முற்றுப்புள்ளி” என்றுதான் வாசிப்பேன். கடைக்காரர் ஒருமுறை கமா ஸ்டாக் இல்லை என்றார்.

லேப்டாப் விஷயத்துக்கு வருகிறேன். பட்டனை அழுத்திவிட்டுக் குளித்து, உடுத்தி, டீ குடித்துவிட்டு வந்தால்தான் அது கண் திறக்கும். சில நாள் பாதி திறந்துவிட்டு மறுபடி தூங்கிவிடும். அது குடியிருந்தது முன்னறையின் ஜன்னலோர மேஜையில். வீட்டிலேயே நல்ல இடம் அதுதான். காற்று வரும், வெளிச்சம் வரும், உட்கார்ந்தபடியே தெரு முழுவதையும் மேற்பார்வை பார்க்கலாம். என் மனைவி வீட்டிலேயே துணி தைத்துக் கொடுப்பவள். அவளுடைய தையல் மெஷின் பின்னறையில் இருந்தது. அங்கே ஊசியில் நூல் கோக்க நண்பகலிலும் பல்பு போட வேண்டும். அந்த மேஜை மேல் அவளுக்குப் பல வருடமாக ஒரு கண்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அது பேச்சாக வெளியே வந்தது.

“என்னங்க, இது இனிமே தேறாது. தூக்கிப் பரண்ல போடுங்க. மேஜைக்கு என் மெஷினைக் கொண்டு வரேன்.”

“எது தேறாது? உடம்புல ஒரு கோளாறும் இல்ல. உள்ள இருக்கற சாஃப்ட்வேர்தான் பாரம். அதை எடுத்துட்டு லினக்ஸ் போட்டா குதிரை மாதிரி ஓடும்.”

“யாரு போடறது?”

“நான்தான்.”

நூலைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். “போன மாசம் பல்பு போட்டீங்க. ரெண்டு நாள் மெழுகுவத்தி வெளிச்சத்துல சாப்பிட்டோம்.”

“அது ஹோல்டர் கோளாறு!”

“சரி. அடுத்த ஞாயிறு வரைக்கும் டைம். லேப்டாப் ஓடணும். உள்ள இருக்கறது ஒண்ணும் போகக் கூடாது. பாப்பா போட்டோ எல்லாம் அதுலதான் இருக்கு. ரெண்டும் சரியா இருந்தா மேஜை உங்களுக்கு. இல்லைன்னா எனக்கு.”

“அப்புறம் பேச்சு மாறக் கூடாது.”

“நான் எப்பங்க மாறினேன்?”

உண்மைதான். இந்த வீட்டில் பேச்சு மாறுகிற இலாகா என்னுடையது.

உடனே தெருமுனை ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரருக்குக் கம்ப்யூட்டரில் தெரியாதது இல்லை. தெரிந்ததைச் சொல்லத்தான் நேரமில்லை. ஒரு பென்டிரைவில் லினக்ஸை ஏற்றிக் கொடுத்தார்.

“பயப்படாதீங்க சார். அது கேக்கற கேள்விக்குப் பதில் சொல்லிக்கிட்டே போனா தானா ஏறிடும். ஒரே ஒரு இடம் மட்டும் கவனம். பழசைப் பக்கத்துல வச்சிக்கிட்டுப் போடவா, மொத்தத்தையும் அழிச்சிட்டுப் போடவான்னு கேக்கும். அந்த இடத்துல நீங்க...”

அதற்குள் ஒரு மாணவி இருநூறு பக்கத்தோடு வந்து நின்றாள். அவர் அந்தப் பக்கம் திரும்பினார். நான் வந்துவிட்டேன். அடுத்தவர் வாக்கியத்தை முடித்து வைப்பதுதானே என் பிழைப்பு!

வீட்டு வாசலிலேயே மனைவி ஒரு துண்டு நூலோடு நின்றாள். “என்னங்க, இந்த ஊதா வேணும். இதே ஊதா. நாளைக்குக் கொடுக்க வேண்டிய துணி.”

மூன்று கடை ஏறி இறங்கினேன். உலகத்தில் இத்தனை ஊதா இருப்பது அன்றுதான் தெரிந்தது. திரும்பி வர இரண்டு மணி நேரம் ஆயிற்று. லேப்டாப் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது.

“நான்தான் ஆன் பண்ணி வச்சேன். அது எழுந்திரிக்க நேரமாகுமே” என்றாள். என்ன கரிசனம் என்று நெகிழ்ந்து போனேன்.

பென்டிரைவைச் செருகினேன். என்ன மொழி, எந்தக் கீபோர்டு, மணி என்ன என்று ஒவ்வொரு கேள்வியாக வந்தது. எல்லாவற்றையும் வழக்கப்படி உரக்க வாசித்து, உரக்கப் பதில் சொன்னேன். அப்புறம் அந்தக் கேள்வி வந்தது. பக்கத்திலா, அழித்துவிட்டா? பிழை மலிந்த பக்கத்தை நாங்கள் ஒட்டுப்போட மாட்டோம். முழுசாகக் கலைத்துவிட்டுப் புதிதாகக் கோப்போம். அதுதான் தொழில் சுத்தம். அழி என்று சொல்லிவிட்டேன்.

கடைசியில் பாஸ்வேர்டு கேட்டது. யாராலும் ஊகிக்க முடியாததாக ஒன்றை யோசித்து வைத்திருந்தேன். மேஜை எனது! அதை ஆங்கில எழுத்தில், முறையான நிறுத்தக்குறிகளோடு அடித்தேன்.

“கேபிட்டல் எம், இ, ஜே, ஏ, ஐ, கமா. கேபிட்டல் இ, என், ஏ, டி, ஹெச், யு, முற்றுப்புள்ளி.”

பின்னறையில் மெஷின் ஒரு நொடி நின்று மறுபடி ஓடியது. நூல் அறுந்திருக்கும்.

அரை மணியில் எல்லாம் முடிந்தது. பட்டனை அழுத்தினேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதற்குள் திரை பளிச்சென்று வந்து நின்றது. ஒன்பது வயதுக் கிழம் துள்ளிக் குதித்தது! நான் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு ஜன்னல் இரண்டு திறந்தன.

“ஏம்மா! இங்க வா! கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள வந்திடுச்சு!”

அவள் வந்து பார்த்தாள். “பரவாயில்லையே” என்றாள். கல்யாணமாகி இருபத்துநாலு வருடத்தில் எனக்குக் கிடைத்த இரண்டாவது பரவாயில்லை அது. “சரி, பாப்பா முதமுதல்ல நடந்தாளே, அந்தப் போட்டோவைக் காட்டுங்க.”

படங்கள் என்ற பெட்டியைத் திறந்தேன். புது வீடு மாதிரி சுத்தமாக இருந்தது. பக்கத்துப் பெட்டியும் காலி. அதற்கடுத்ததும் காலி. ஜெராக்ஸ்காரர் பாதியில் விட்ட வாக்கியத்தின் மீதி அப்போதுதான் என் காதில் கேட்டது.

“அது... லினக்ஸ்ல போட்டோ உடனே வராதும்மா. கொஞ்சம் கொஞ்சமா இறங்கும்.”

“எங்கேர்ந்து?”

“மேலேர்ந்து.”

அவள் மின்விசிறியை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள். “எப்ப இறங்கும்?”

“ஞாயித்துக்கிழமைக்குள்ள.”

“சரிங்க” என்று போய்விட்டாள்.

சிரிக்காதீர்கள். அந்த நிமிடம் எனக்கு மேஜை ஞாபகமே இல்லை. அந்தப் படம் நான் எடுத்தது. பாப்பாவுக்குப் பதினொரு மாதம். கட்டில் காலை விட்டுவிட்டு என்னை நோக்கி இரண்டு அடி வைத்தாள். விழுந்துவிடுவாளோ என்று ஒரு கையை நீட்டிக்கொண்டே மறு கையால் எடுத்ததால் படம் சாய்ந்திருக்கும், ஓரத்தில் என் விரல்கள் தெரியும். பாப்பா இப்போது வெளியூர் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அந்த இரண்டு அடியை நான் என் கையாலேயே அழித்துவிட்டேன்.

மறுநாள் ஜெராக்ஸ்காரர் காலில் விழாத குறை.

“அழிச்சாலும் எல்லாம் உடனே போயிடாது சார். மேல புதுசு எழுதாத இடத்துல பழசு இருக்கும். தேடி எடுக்க ஒரு புரோகிராம் இருக்கு. ஆனா கருப்புத் திரையில கமாண்ட் அடிக்கணும்.”

“அடிக்கிறேன்! எத்தனை தேறும்?”

“பத்துக்கு ஒண்ணு வந்தா உங்க அதிர்ஷ்டம்.”

இப்படித்தான் நான் லினக்ஸ் மாணவன் ஆனேன். ஆபீஸ் விட்டு வந்ததும் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்காருவேன். எல்எஸ் என்று அடித்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டும். சிடி என்று அடித்தால் வேறு அறைக்குப் போகும். சரியாகச் செய்தால் வாயே திறக்காது. தப்புச் செய்தால் மட்டும் பேசும். எனக்கு இது புதிதாகவே இல்லை. இருபத்துநாலு வருட அனுபவம் கை கொடுத்தது.

முக்கியமான வேலை எதற்கும் முன்னால் சுடோ என்று அடித்து அனுமதி கேட்க வேண்டும். உடனே பாஸ்வேர்டு கேட்கும். அடித்தால் திரையில் ஒரு புள்ளிகூட விழாது. கீபோர்டு செத்துவிட்டது என்று தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினேன். ஒரு பிஸ்கட் துண்டு விழுந்தது. அப்புறம்தான் ஜெராக்ஸ்காரர் விளக்கினார். பக்கத்தில் நிற்பவர் எத்தனை எழுத்து என்றுகூட எண்ணிவிடக் கூடாதாம். என்ன பாதுகாப்பு! என்ன ரகசியம்! அசந்துபோய், “கேபிட்டல் எம், இ, ஜே, ஏ, ஐ, கமா” என்று கணீரென்று அடித்தேன்.

“யார்கிட்டங்க பேசறீங்க?” பின்னறையிலிருந்து குரல்.

“அதெல்லாம் பாதுகாப்பு விஷயம். உனக்குப் புரியாது!”

இதற்கிடையே குற்ற உணர்ச்சி என்னைப் பாடாய்ப் படுத்தியது. அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் ஏதாவது வேலை செய்துகொண்டே இருந்தேன். ஒழுகும் குழாய்க்கு வாஷர் மாற்றினேன். மின்விசிறி துடைத்தேன். இரண்டு வருடமாகத் தொங்கிக்கொண்டிருந்த அலமாரிக் கதவை நிமிர்த்தினேன்.

“என்னங்க ஆச்சு உங்களுக்கு?”

“லினக்ஸ் படிச்சா பொறுப்பு வரும்.”

“அப்படியா? மாடியில தண்ணித் தொட்டியும் கழுவணும்.”

கழுவினேன்.

வியாழக்கிழமை அந்தத் தேடும் புரோகிராம் முதல் தடவை ஓடி முடித்தது. நாலாயிரம் படம் வந்தது. எல்லாம் பட்டன், அம்புக்குறி, குப்பைத்தொட்டிச் சின்னம். பாப்பா ஒன்றில்கூட இல்லை. மண்டை கொதித்தது. ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு லேப்டாப்பின் முன்னால் கைகூப்பி உட்கார்ந்திருந்தேன். நல்ல வேளை, யாரும் பார்க்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் மறுபடி ஓடவிட்டு முடிவெட்டிக்கொள்ளப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் திரையில் ஒரு புதுப் பெட்டி. பாப்பா என்று பெயர். திறந்தேன். தொட்டிலில் பாப்பா! முதல் பல்லோடு பாப்பா! சீருடையில் அழும் பாப்பா! சாய்ந்த படத்தில், என் விரல்களை நோக்கி இரண்டு அடி வைக்கும் பாப்பா!

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அப்புறம் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். இறங்கினேன் தெருவில்.

ஜெராக்ஸ்காரர் நம்பவில்லை. “அத்தனையுமா? பேரு, தேதியோடவா? அந்தப் புரோகிராம்ல பேரு வராதே சார்!”

“உங்களுக்கு வராது” என்றேன்.

அவர் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார். வரிசையில் நின்ற நாலு பேருக்கு நான் லினக்ஸின் தத்துவத்தை விளக்கினேன். முடிவெட்டும் கடைக்கு மறுபடி போய் அங்கேயும் விளக்கினேன். வெட்ட முடி இல்லாததால் அவர்களும் கேட்டுக்கொண்டார்கள். பாப்பாவுக்குப் போன் போட்டேன்.

“உங்கப்பன் சும்மா இல்லடா! அழிஞ்சதை மீட்டவன்!”

“நிஜமாவாப்பா?” என்று சிரித்தாள், சிரித்துக்கொண்டே இருந்தாள். பூரிப்பு என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. மேஜையில் வெற்றி வீரனாக அமர்ந்தேன். மனைவி பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாகக் காட்டினேன். நடந்த படம் வந்தபோது அவள் ஸ்டூலை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

“நல்லா எடுத்திருக்கீங்க” என்றாள். “கடைசிப் படத்தையும் காட்டுங்க.”

அழுத்தினேன். கடைசிப் படத்தில் பாப்பா இல்லை. ஒருவர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு லேப்டாப்பின் முன்னால் கைகூப்பி உட்கார்ந்திருந்தார். பின்பக்கத்திலிருந்து எடுத்தது. தேதி வியாழக்கிழமை. பின்னறை வாசலில் போனோடு நின்றால் அப்படித்தான் தெரியும்.

“இது... எப்படி...”

“நீங்க ஊதா நூல் தேடிப் போனீங்களே, அப்பவே எல்லாத்தையும் ஒரு பென்டிரைவ்ல எடுத்து வச்சிட்டேன். பல்பு போட்ட அனுபவம் இருக்கே. நேத்து நீங்க முடிவெட்டப் போனப்ப திரும்ப உள்ள போட்டேன்.”

“ஸ்க்ரீன் பூட்டியிருந்துச்சே! பாஸ்வேர்டு?”

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, என் குரலிலேயே சொன்னாள். “கேபிட்டல் எம், இ, ஜே, ஏ, ஐ, கமா.”

“ஒரு வாரமா ஏன் சொல்லல? நான் எவ்வளவு தவிச்சேன் தெரியுமா?”

“தெரியும். திங்கக்கிழமையே சொல்லிடலாம்னுதான் வந்தேன். நீங்க குழாயைக் கழட்டிட்டு இருந்தீங்க. அப்புறம் ஃபேன், கதவு, தொட்டி. லினக்ஸ் நல்ல விஷயந்தாங்க.” எழுந்தாள். “மெஷினை ஒரு பக்கம் பிடிங்க.”

பிடித்தேன்.

இப்போது ஜன்னலோரம் அவளுடைய மெஷின் ஓடுகிறது. நானும் லேப்டாப்பும் பின்னறையில் பல்பு வெளிச்சத்தில் இருக்கிறோம். ஆனாலும் நான் விடவில்லை. அன்று சாயங்காலமே கதவைச் சாத்தி, உதடுகூட அசையாமல் முணுமுணுத்து, பிரம்மாவாலும் கண்டுபிடிக்க முடியாத ஒரு புதுப் பாஸ்வேர்டு போட்டேன். அதைச் சோதித்துப் பார்க்க சுடோ அடித்தேன். பாஸ்வேர்டைக் கேட்டது. அடித்தேன். தவறு என்றது. இன்னும் மெதுவாக முணுமுணுத்து அடித்தேன். மறுபடியும் தவறு.

முன்னறையில் மெஷின் நின்றது.

“என்னங்க, கடைசியில ஒரு ஆச்சரியக்குறி போட்டீங்களே, அதை விட்டுட்டீங்க.”