காய்ந்து போன குட்டி நனைந்து வந்தது ஏன்?

பொழுது விடியவில்லை. அதற்குள் வரிசை ரொட்டிக்கடையைத் தாண்டிப் பஸ் நிறுத்தம் வரை நீண்டுவிட்டது. வேலைக்கு ஆள் எடுக்கிறார்களா? இல்லை. இலவசமாக ஏதாவது கொடுக்கிறார்களா? அதுவும் இல்லை. குறி சொல்லும் புள்ளி ஐயா இன்று நாய்க்குட்டி பார்க்கிறார். ஆளுக்கொரு கூடை, கூடைக்குள் குட்டி. நாய் இல்லாத ஒருவர் பக்கத்து வீட்டு நாயை வாடகைக்குப் பிடித்து வந்திருந்தார். இன்னொருவர் வழுக்கைத் தலையில் இருக்கும் மச்சத்தைக் காட்டலாமா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

வெள்ளை உடம்பில் கறுப்புப் புள்ளி போட்ட நாய்கள் அந்த ஊரில் வீட்டுக்கு வீடு உண்டு. அவை போடும் குட்டிகள் சுண்ணாம்பு அடித்த சுவர்போல வெள்ளை வெளேரென்றுதான் பிறக்கும். புள்ளிகள் பிறகு வரும். இதைக் கண்ணால் பார்த்தே வளர்ந்த ஊர் அது. ஆனால் புள்ளி ஐயா வந்து சொன்ன பிறகு, தாங்கள் பார்த்ததை நம்புவது மரியாதையில்லை என்று ஊரார் முடிவு செய்துவிட்டார்கள்.

வெள்ளைக் குட்டி பீடை, அது வீட்டின் அதிர்ஷ்டத்தை நக்கிக் குடித்துவிடும் என்றார் ஐயா. குட்டியைத் திரைக்குப் பின்னால் கொண்டுபோவார். ஞானக்கண்ணால் பார்ப்பார். துண்டில் சுற்றி வெளியே கொண்டுவந்து, "இடது காதில் ஒன்று, வால் அடியில் இரண்டு" என்று அறிவிப்பார். ஒரு தைலமும் தருவார். மூன்று வாரம் தடவினால் சொன்ன இடத்தில் சொன்ன புள்ளி. இம்மி பிசகாது.

ஐயாவின் சபைச் சுவரில் ஒரு பழைய படம் தொங்கியது. கிரீடம் வைத்த ஒருவர், காலடியில் ஏழு புள்ளி நாய். ஏழு புள்ளியும் அந்த ராஜா பிடித்த ஏழு நாடுகளாம்.

"எங்க நாய்க்கு நூறு புள்ளி இருக்குங்களே" என்றார் ஒரு பால்காரர்.

"ராஜாவுக்கு இன்னும் நிறைய நாடு பாக்கி இருந்துச்சு. ஆயுசு பத்தல" என்றார் ஐயா.

முழுக் கறுப்பு நாயைக் கொண்டுவந்த பெண்ணையும் அவர் வெறுங்கையோடு அனுப்பவில்லை. "இது மொத்தமும் ஒரே புள்ளிம்மா. கோடியில ஒண்ணு" என்றார். தைலமும் கோடியில் ஒருவருக்குத் தருகிற பெரிய குப்பியாகவே கொடுத்தார். அந்தம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஐயாவின் பக்தர்களில் முதல் வரிசைக்காரர் தையல்காரர். ஐயாவின் வெள்ளை அங்கியில் கறுப்புத் துணிப் புள்ளிகளை ஒவ்வொன்றாக வைத்துத் தைத்தது அவர்தான். திரையைத் தைத்ததும் அவர்தான். குட்டியைச் சுற்றும் துண்டுகளுக்கு ஓரம் அடித்துக் கொடுத்ததும் அவர்தான். துண்டு ஏன் எப்போதும் ஈரமாகவே வருகிறது என்று மட்டும் அவர் கேட்டதில்லை. கேள்வி கேட்பது மனைவியின் இலாகா.

அப்படிப்பட்டவர் வீட்டு நாய் ஆறு குட்டி போட்டது. ஆறும் வெள்ளை. அதுவும் தையல் கடைக்குள், வெட்டுத் துணிக் குவியலின் மேல்.

செய்தி கேட்டு ஐயா நேரில் வந்தார். குட்டிகளைப் பார்க்கவில்லை. கடையைப் பார்த்தார். மெயின் ரோட்டைப் பார்த்த அறை, அகலமான கதவு, மேலே இரண்டு மின்விசிறி. கண்ணை மூடி மூச்சை இழுத்தார்.

"பீடை இந்த அறையிலதான் இருக்கு. நாளைக்குச் சபையில குட்டியப் பார்ப்பேன். புள்ளி தெரியலன்னா இந்த அறையைக் காலி பண்ணி என்கிட்ட விடணும். நான் இங்கயே உட்கார்ந்து பீடையை இறக்கணும்."

கூட வந்த வீட்டு ஓனர் தலையாட்டினார். "டெய்லரே, மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க. என் கட்டிடம் நல்லா இருக்கணும்ல. புள்ளி இல்லன்னா நாளைக்கே சாவி வேணும்."

தையல்காரர் சுற்றிலும் பார்த்தார். முன்னால் கடை, பின்னால் குடித்தனம். இரண்டுக்கும் ஒரே சாவி. மெஷினைத் தூக்கிக்கொண்டு எந்தத் தெருவில் போய் உட்காருவது? அழுகையே வந்துவிட்டது அவருக்கு.

அன்று மாலை ஒரு குட்டி உருண்டு உருண்டு போய், இஸ்திரி போடுவதற்குத் துணி நனைக்கும் கிண்ணத்தில் விழுந்தது. மனைவி அள்ளி எடுத்தாள். எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னங்க, இங்க வாங்க. இதப் பாருங்க."

ஈரத்தில் வெள்ளை மயிர் தோலோடு ஒட்டிப் போயிருந்தது. அதற்கு அடியில், தோலில், மங்கலான கருநீலத் திட்டுகள். காதில் ஒன்று. முதுகில் மூன்று. துடைத்துக் காயவைத்தாள். மறைந்துவிட்டன. மறுபடி நனைத்தாள். வந்துவிட்டன.

தையல்காரர் இரண்டடி பின்வாங்கினார். "ஏம்மா, உனக்கும் ஞானக்கண் வந்துடுச்சா?"

"ஞானமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. உங்களுக்குந்தானே தெரியுது."

"அப்ப எனக்குமா வந்துடுச்சு?" என்று தன் கண்ணைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "அம்மாவுக்குப் புள்ளி, அப்பனுக்குப் புள்ளி. குட்டிக்கு மட்டும் கட்டமா வரும்? பிறக்கும்போதே தோல்ல இருக்குங்க. மயிர் அப்புறமா கறுக்குது. உங்க ஐயாகிட்ட குட்டி காய்ஞ்சு போகுது, நனைஞ்சு வருது. ஏன்னு ஒரு தடவையாவது யோசிச்சீங்களா?"

யோசித்ததில்லை. துண்டுக்கு ஓரம் அடித்ததோடு சரி. அவருக்கு முதல்முறையாக வெட்கமாக இருந்தது.

மறுநாள் சபை நிரம்பி வழிந்தது. ஓனர் முன்வரிசையில் சாவிக்காகக் கையைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐயா குட்டியை வாங்கினார்.

"ஐயா, திரைக்கு உள்ள போகாம, இங்கயே, தண்ணி படாம பார்த்துச் சொல்லுங்களேன்" என்றாள் மனைவி.

"நான் பார்க்கும்போது அடுத்தவங்க பார்த்தா கண்ணு போயிடும்மா" என்று கனிவாகச் சொல்லிவிட்டு ஐயா உள்ளே போனார். கூட்டம் முன்னெச்சரிக்கையாகக் கண்ணைப் பொத்திக்கொண்டது.

உள்ளே 'சளப்' என்று ஒரு சத்தம். பிறகு ஐயாவின் குரல் கம்மிக்கொண்டு வந்தது. "ஐயோ, ஒண்ணுமே இல்லையே. ஒரு புள்ளிகூட இல்ல. வெறும் வெள்ளை. கடையைக் காலி பண்ணித்தான் ஆகணும்."

தையல்காரர் எழுந்து திரையருகே போனார். எந்த நாடாவை இழுத்தால் திரை விழும் என்று தைத்தவருக்குத் தெரியாதா? இழுத்தார்.

திரை மொத்தமாகக் கீழே விழுந்தது. ஐயா ஒரு கையில் பிளாஸ்டிக் குவளையும் மறு கையில் பூதக்கண்ணாடியுமாக நின்றார். மூக்குக்கு மேல் ஒரு மேசை விளக்கு. அடியில் நனைந்த குட்டி. அதன் காதில் ஒன்று, முதுகில் மூன்று, புள்ளிகள் பளிச்சென்று தெரிந்தன. ஒரு புள்ளிகூட இல்லை என்று சொன்ன வாய் இன்னும் மூடவில்லை.

"திரை விழுந்ததால சக்தி கலைஞ்சு போச்சு" என்றார் ஐயா, வாசல் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டே.

மனைவி வேறொரு குட்டியை, காய்ந்ததை, ஓனர் மடியில் வைத்தாள். தான் குடிக்கக் கொண்டுவந்த தண்ணீரை அதன்மேல் ஊற்றினாள். "ஓனர் ஐயா, நீங்களே பார்த்துச் சொல்லுங்க."

ஓனர் கண்ணைச் சுருக்கினார். "கழுத்துல ஒண்ணு. வயித்துல, அட, வரிசையா நாலு."

பால்காரர் எழுந்து உரக்கச் சொன்னார். "ஓனருக்கும் ஞானக்கண் வந்துடுச்சுப்பா."

அவ்வளவுதான். வரிசை அப்படியே ஓனர் பக்கம் திரும்பியது. கூடைகள் முட்டி மோதின. மச்சக்காரர் முதல் ஆளாகத் தலையை நீட்டினார். இந்தச் சந்தடியில் ஐயா அங்கியைக் கழற்றி வீசிவிட்டுப் பின்வாசல் வழியாக நழுவியதைக்கூட யாரும் கவனிக்கவில்லை. ஓனர் தொண்டையைக் கனைத்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தள்ளி நில்லுங்க, தள்ளி நில்லுங்க. ஏன் டெய்லரே, கடையை நீங்களே வெச்சுக்குங்க. அந்த அங்கி மட்டும் எனக்கு அளவு சரியா இருக்குமா?"

தையல்காரர் கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். "உங்க அளவுக்கு நான் தைக்கிறதா இல்லைங்க" என்றார். வாழ்நாளில் அவர் ஓனரிடம் மறுத்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

மனைவி மிச்சத் தண்ணீரை முன்வரிசையின் முகத்தில் விசிறியடித்தாள். கூட்டம் திடுக்கிட்டு நின்றது. அவள் குட்டிகளைக் கூடையில் அடுக்கிக்கொண்டே சொன்னாள்:

"இந்த வாயில்லா ஜீவனுக்குத் தோலுக்கு அடியில இருக்கறது மூணே வாரத்துல தானா வெளிய வந்துடுது. உங்க மண்டைக்குள்ள இருக்கறது எப்பய்யா வெளிய வரும்?"