உன் பாட்டுக்குப் பாடு

பாசமும் மரியாதையும் நிறைந்த அக்காவுக்கு,

உன் தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், என் மனைவி, உன் மருமகள் மூவரும் சுகம். உடம்பளவில் மட்டும். என் மனசு இருக்கும் நிலைமைக்கு முழுப் பொறுப்பும் உன்னுடையது.

உன் மருமகளைப் பற்றி உனக்குத் தெரியாததா? வீட்டுக்குள் அவள் போடும் சத்தத்துக்குக் கூரை பிய்த்துக்கொண்டு போகும். வெளியாள் ஒருத்தர் வந்து நின்றால் போச்சு, வாய்க்குப் பூட்டு. பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிட்டால் கையை மட்டும் தூக்குகிறாளாம். போன் அடித்தால் கட்டிலுக்கு அடியில் புகுந்துவிடுவாள். அக்கம்பக்கத்தில் அவளுக்குக் 'கப்சிப்' என்றே பேர். இந்த வருஷமும் வாயைத் திறக்கவில்லையென்றால் என்ன செய்வது என்று நானும் அவளுடைய அம்மாவும் தூக்கம் கெட்டுக் கிடக்கிறோம். அப்படிப்பட்ட பிள்ளைக்கு, பாட்டு நாடகத்துக்குக் குழந்தைகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் நீ பாட்டுக்குப் பேர் கொடுத்துவிட்டாயே, உனக்கே இது நியாயமா?

சரி, அக்கா சொல்லிவிட்டாளே என்று ஒரு நிலாப் பாட்டைப் பிடித்து, தினமும் நான் முன்னால் பாட அவள் பின்னால் பாட, பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்திக்கொள்ளும் அளவுக்குப் பழக்கினேன். தேர்வு நாளன்று நானும் அவளும் போனோம். அந்தக் கட்டடத்து லிப்டின் முனகல் எனக்குப் பிடிக்கவில்லை. லிப்ட் மெக்கானிக்கான நானே அதில் என் பிள்ளையை ஏற்றுவேனா? ஐந்து மாடியும் படியேறினோம். மேலே போய்ச் சேர்ந்ததும் பிள்ளைக்கு விக்கல் பிடித்துக்கொண்டது. தண்ணீர் கொடுக்கப் போய் அவள் கவுனில் பாதியைக் கொட்டினேன். துடைக்கலாம் என்று கைக்குட்டையை எடுத்தேன், அதில் முந்தின நாள் துடைத்த கிரீஸ். சுற்றிலும் பிள்ளைகள் காலைத் தலைக்கு மேல் தூக்குகிறார்கள், சுருதி பிடிக்கிறார்கள். நம்ம பிள்ளையோ கிரீஸ் கறையோடு, விக்கிக்கொண்டு, என் சட்டையைப் பிடித்தபடி நிற்கிறாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

உள்ளே கூப்பிட்டார்கள். பெற்றவர்களுக்குக் கடைசி வரிசை. பிள்ளை மேடையில் ஏறித் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றது. பியானோக்கார அம்மா நிலாப் பாட்டை வாசிக்கிறார், வாசிக்கிறார், இவள் கப்சிப். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டிருந்த நாடகக்காரர் நல்ல மனுஷன். "எங்களைப் பாக்காத கண்ணு. நாங்க யாருமே இல்லன்னு நெனச்சுக்க. நீ உன் பாட்டுக்குப் பாடு" என்றார்.

இவள் தலையை நிமிர்த்தினாள். "என் பாட்டுக்கா?"

"ஆமாம்மா, உன் பாட்டுக்கு."

அவ்வளவுதான் அக்கா. பியானோ அம்மாவைப் பார்த்து, நிறுத்துங்க என்று கையைக் காட்டினாள். அப்புறம் எடுத்தாள் பார், தொண்டையை!

*பயப்படாதீங்க சார், பயப்படாதீங்க,*
*கதவ நோண்டாதீங்க சார், கதவ நோண்டாதீங்க,*
*மூச்ச நல்லா இழுத்து விடுங்க,*
*பாதி வழியில வந்துட்டேன்…*

கடைசி அடிக்கு மட்டும் கையை வாயோரம் வைத்துக்கொண்டு, ரகசியம் மாதிரி:

*இன்னும் பல்லே தேய்க்கல!*

லிப்டில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் போனில் சொல்கிறதையும், போனைப் பொத்திக்கொண்டு என் மனைவியிடம் சொல்கிறதையும் சேர்த்து, ராகம் போட்டு வீட்டில் பாடிக்கொண்டு திரிவாள். அதுதான் அவளுக்கு 'அவ பாட்டு'! ஹாலே சிரிக்கிறது. எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு அம்மாள் திரும்பி, "அடப்பாவி, எங்க அபார்ட்மென்ட் லிப்டுக்கு வர்ற ஆளா நீங்க? நீங்க பாதி வழியில இருக்கற லட்சணம் இதுதானா?" என்று கேட்டார். பூமி பிளந்து என்னை விழுங்கக்கூடாதா என்றிருந்தது. ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த மூன்றாவது அடியை அவள் என்னைப் பார்த்துத்தான் பாடினாள். அப்போதுதான் தெரிந்தது, நான் அதுவரைக்கும் மூச்சே விடாமல் உட்கார்ந்திருக்கிறேன் என்று. விட்டேன்.

"போதும்மா, சொல்லி அனுப்பறோம்" என்றார்கள். எத்தனை இடத்தில் வேலை கேட்டு அலைந்தவன் நான், அதற்கு அர்த்தம் தெரியாதா? படியிறங்கும்போது, "நிலாப் பாட்டு என்னாச்சுடி?" என்றேன். "அவர்தாம்பா என் பாட்டுக்குப் பாடச் சொன்னாரு" என்கிறாள். வீட்டில் என் மனைவி விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆகையால் இதுவே முடிவு. நாடகமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். பிள்ளை வீட்டில் பேசுகிற பேச்சே எங்களுக்குப் போதும். இனிமேல் எதற்கும் அவள் பேரைக் கொடுக்காதே. அத்தானுக்கு என் வணக்கம், அவர் முழங்கால் சீக்கிரம் மடங்கி நிமிரட்டும். வீட்டில் எல்லோரும் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
உன் பேச்சைக் கேட்டுக் கெட்ட தம்பி

பி.கு.: அக்கா, மேலே எழுதியதெல்லாம் தப்பு, படித்ததும் கிழித்துப் போடு. காலையில், இதை உறையில் போடுமுன் பல் தேய்க்கலாம் என்று பிரஷ்ஷை எடுத்தபோது போன் அடித்தது. எங்கேயோ லிப்ட் நின்றுவிட்டது என்று நினைத்து, பிரஷ்ஷை வைத்துவிட்டுப் போனை எடுக்க ஓடினேன். அதற்குள் கப்சிப் எடுத்துவிட்டிருந்தாள். ஆமாம், அவளேதான்! மறுமுனையில் அந்த நாடகக்காரர். "நான்தான் சார் பேசறேன்… நெஜமாவா சார்?… இன்னிக்கேவா?… பாதி வழியில வந்துட்டோம் சார்!" காலில் செருப்புகூட இல்லை. போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்துச் சொல்கிறாள்: "போய்ப் பல்லத் தேய்ப்பா, சீக்கிரம்!"