மேயர் மருமகனும் கார்ஜ் கலியாணமும்

லா ஷப்பல், பாரிஸ்
21.05.2019

அன்புள்ள மருமகன், மதிப்புக்குரிய மாநகர முதல்வர் ரேமண்ட் அவர்களுக்கு,

மருமகனுக்கு எப்படிக் கடிதம் எழுதுவது என்று எனக்குத் தெரியும். யாழ்ப்பாணம் கச்சேரியில் அரசாங்கக் கடிதங்கள் எழுதும் லிகிதராக இருந்தபடியால் மேயருக்கு எப்படி எழுதுவது என்றும் தெரியும். இருவரும் ஒரே ஆளாக இருந்தால் என்ன செய்வதென்று எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. ஆகையால் "நீ" என்றும் இல்லாமல் "நீங்கள்" என்றும் இல்லாமல் "நீர்" என்று எழுதுகிறேன். பிழையென்றால் உமது செயலாளரைக் கொண்டு திருத்திக்கொள்ளவும். இங்கே நானும் உமது மாமி இம்மாகுலேற்றும், என் இடது முழங்கால் நீங்கலாக, சுகம். நீர் சுகமாக இருப்பதைத் தொலைக்காட்சியில் காண்கிறோம். சற்றுக் கூடுதலான சுகம் என்று மாமி சொல்கிறார். உமது உடம்பளவு பற்றிய அந்த விடயத்துக்குப் பின்னால் வருகிறேன்.

ஒழுங்காகச் சொல்வதென்றால் 2009இல் தொடங்க வேண்டும். அந்த ஆண்டு இந்தத் தெருவில் யாரும் நல்ல செய்தி எதையும் எதிர்பார்த்திருக்கவில்லை. அப்போதுதான் நீர் கனடாவில் உங்கள் மாகாணச் சட்டசபைக்குத் தெரிவானீர், என் நண்பர் மடுத்தீன் தன் மரக்கறிக் கடைக் கண்ணாடியில் உமது படத்தை ஒட்டினார், நானும் ஒரு பிரமுகரின் தாய்மாமன் ஆனேன். பிறகு நீர் கட்சித் தலைவரானீர். மடுத்தீன் படத்தைப் பெரிதாக்கினார். சென்ற ஆண்டு தேர்தலில் கட்சியும் தோற்று, உமது தொகுதியில் நீரும் தோற்று, நின்ற மேடையிலேயே நீர் தலைமையையும் துறந்தீர் அல்லவா, மறுநாள் காலை எங்கள் வீட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, குரலைத் தாழ்த்தி, "எப்பிடி நடந்தது, முன்னமே ஏதும் வருத்தம் இருந்ததே" என்று கேட்டார்கள். இம்மாகுலேற் தேத்தண்ணீர் ஊற்றி ஊற்றிக் களைத்துப்போனார். ஒருவர் மலர்வளையத்தின் விலையை விசாரித்ததாகவும் கேள்வி. அதை மட்டும் நான் நம்பவில்லை.

சில மாதங்களில் நீர் மேயரானதும் என் நிலைமை இன்னும் சிக்கலாயிற்று. ஒரு மாகாணத்தையே ஆள நின்றவர் ஒரு நகரத்துக்கு வந்திருக்கிறாரே, இது ஏற்றமா இறக்கமா, ஆட்கள் வாழ்த்த வருவார்களா அல்லது மறுபடி துக்கம் விசாரிக்க வருவார்களா, கேக் வாங்கி வைப்பதா வேண்டாமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, மடுத்தீன் கடையில் நின்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"அண்ணை, கட்சித் தலைவர் எண்டால் கதைக்கிற ஆள். மேயர் எண்டால் வீடு குடுக்கிற ஆள். இதுதான் திறம்."

பிரான்சில் வாழ்கிறவருக்கு வேறு எப்படித் தோன்றும்? இங்கே மேயரிடம்தான் வீட்டுக்கும் பிள்ளைகள் காப்பகத்துக்கும் மனுப் போடுகிறார்கள். மூவர்ணப் பட்டியைத் தோளில் குறுக்காகப் போட்டுக்கொண்டு கலியாணத்தைக் கட்டி வைப்பதும் அவர்தான். கனடாவில் மேயருக்குப் பெரும்பாலும் பனி அள்ளுவிப்பதும் குப்பை எடுப்பிப்பதும் பஸ் ஓட்டுவிப்பதும்தான் வேலை என்று நான் சொல்லிப் பார்த்தேன்.

"பாத்தியளே, சொந்த மருமகனைப் பற்றிக் கதைக்கேக்கையும் அண்ணைக்கு எவ்வளவு அடக்கம்" என்றார், கடையில் நின்ற எல்லாருக்கும் கேட்க.

இனித்தான் விடயம். மடுத்தீனின் ஒரே மகள் வசந்தரூபி, கணினி நிறுவனமொன்றில் வேலை செய்யும் நிதிஷ் என்ற கோயம்புத்தூர்ப் பையனை விரும்புகிறாள். நல்ல பையன், எனக்கு ஒருதடவை கைத்தொலைபேசியைத் திருத்தித் தந்தான். அவனுடைய தாயார் ஐயர் வேண்டும் என்றார். இவர்கள் பங்குத்தந்தை வேண்டும் என்றார்கள். பிள்ளைகள் இருவரும் கூடிக் கதைத்து, இரண்டும் வேண்டாம், பாரிசுக்கு வெளியே அவர்கள் இருக்கும் கார்ஜ் நகரசபையில் கலியாணத்தை எழுதினால் போதும் என்றுவிட்டார்கள். அன்றிலிருந்து இரண்டு வருடம் மடுத்தீன் மகளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரே மேசையில் இருந்துகொண்டு உப்பை எடுத்துத் தரும்படி தாய் மூலமாகத்தான் கேட்பார். மாசி மாதம் ஒரு ஞாயிறு எங்கள் வீட்டில் சாப்பிடும்போது அந்தக் கதை வந்தது.

"சாமியாரும் இல்லை, ஐயரும் இல்லை. ஆரெண்டே தெரியாத ஒரு வெள்ளைக்காரன் கடதாசியைப் பாத்து வாசிச்சால் அது கலியாணமே?" என்றார்.

உமது மாமி குசினிக்குள் அப்பளம் பொரித்தபடியே சொன்னார்: "அப்ப தெரிஞ்ச மேயரைக் கூப்பிடுங்கோவன். எங்கடை ரேமண்டும் மேயர்தானே."

மடுத்தீன் பிசைந்த சோற்றோடு என்னைப் பார்த்தார். "வருவாரே அண்ணை?"

ஒரு நாட்டு மேயர் இன்னொரு நாட்டில் போய்க் கலியாணம் எழுத முடியாதென்றே நினைக்கிறேன், இருந்தாலும் விசாரித்துத்தான் சொல்ல வேண்டும், அதுவரை யாரிடமும் மூச்சு விடவேண்டாம் என்பதே நான் சொல்ல நினைத்தது. நான் சொன்னது, "ஓம்."

அன்று பின்னேரமே அவர் எங்கள் வீட்டிலிருந்தபடி மகளுக்குத் தொலைபேசி எடுத்து, "பிள்ளை, சாப்பிட்டியோ" என்று கேட்டார். ரூபி பிறகு அதை என்னிடம் சொல்லும்போது அழுதாள். ஆகையால் அந்த ஓமை என்னால் திருப்பி எடுக்க முடியவில்லை. எடுக்க வேண்டுமென்று பல தடவை கடைவரைக்கும் போயிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் வெண்டிக்காய் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். வீட்டில் இப்போது வெண்டிக்காயைக் கண்டால் மாமி எழும்பிப் போகிறார்.

இதற்கிடையில் அழைப்பிதழ் அடித்தாயிற்று. உமது பொற்கரங்களால் திருமணம் பதிவு செய்து வைக்கப்படும் என்று, மணமகனின் பெயரைவிடப் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. பட்டியும் தைத்தாயிற்று. சேலைச் சட்டை தைக்கிறவர் தைத்தது. நீலம், வெள்ளை, சிவப்பு, நடுவில் கனடா இலை. உமது அளவை என்னிடம் கேட்டார்கள். நான் 2011இல் நீர் வந்தபோது எடுத்த படத்தைப் பார்த்து ஓர் அளவு சொன்னேன். மாமி தொலைக்காட்சியைப் பார்த்து இன்னும் ஒரு சாண் கூட்டச் சொன்னார். தையல்காரர் இரண்டுக்கும் நடுவில் தைத்துவிட்டு, மிச்சத்துக்கு ஊசி குத்தலாம் என்கிறார்.

போன கிழமை தைரியத்தை வரவழைத்துக்கொண்டு தனியாக ரயிலேறிக் கார்ஜ் நகரசபைக்குப் போனேன். ஜெர்மேன் என்ற அம்மையார் இருந்தார். நான் பாடமாக்கிக்கொண்டு போன பிரெஞ்சைப் பொறுமையாக முழுவதும் கேட்டார். எந்த ஊர் மேயர் என்றார். கனடா என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இந்த ஊர்க் கலியாணத்தை இந்த ஊர் மேயரோ அவர் சார்பில் இந்தச் சபையைச் சேர்ந்த ஒருவரோதான் எழுதலாமாம். நாட்டின் சனாதிபதியே வந்தாலும் கதிரையில் இருந்து பார்க்கலாமாம். பிறகு என் முகத்தைக் கண்டு இரங்கி, கையெழுத்தெல்லாம் முடிந்த பின்னர் விருந்தாளி ஒருவர் இரண்டு நிமிடம் வாழ்த்தலாம் என்றார். இரண்டு நிமிடம். உமது பேச்சுக்களை நான் முழுவதும் கேட்டிருக்கிறேன். கட்சி தோற்றதற்கு அதுதான் காரணம் என்று நான் எவரிடமும் சொன்னதில்லை.

ஆகையால் உம்மிடம் கேட்பது இதுதான். யூன் 15, சனிக்கிழமை, பின்னேரம் மூன்று மணிக்கு வாரும். பட்டியைப் போடும். எழுதுகிறவருக்குப் பக்கத்தில் முடிந்தவரை நெருங்கி நில்லும். அவர் சட்டத்தைப் பிரெஞ்சில் வேகமாக வாசிப்பார். மடுத்தீனுக்கு அந்த வேகம் பிடிபடாது. பிறகு நீர் தமிழில் இரண்டு நிமிடம் பேசினால், கட்டி வைத்தது நீர்தான் என்று அவர் எடுத்துக்கொள்வார். இது ஏமாற்று வேலையாகுமா என்று நான் இருபக்கமும் யோசித்துப் பார்த்தேன். ஆகும் என்றே படுகிறது. ஆனால் நீர் வராவிட்டால் மடுத்தீன் தன் சம்மதத்தைத் திருப்பி எடுத்துவிடுவார், அந்த வீட்டில் உப்பு மறுபடி தாயைச் சுற்றித்தான் வரும். உமது கட்சி உம்மைத் தலைமைக்குத் திரும்பக் கூப்பிடுவதாகச் செய்தியில் ஏதோ வருகிறது. அதைப்பற்றிக் கருத்துச் சொல்ல எனக்குத் தகுதி போதாது. எந்த வேலை இருந்தாலும் கட்டாயம் வாரும் என்பதே என் ஒரே வேண்டுகோள்.

உமது மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. மடுமாதா உமது நகரத்துப் பனியையும் உமது எதிரிகளையும் ஓர் அளவோடு வைத்திருக்கட்டும்.

பணிவும் பாசமும் உள்ள மாமன்,
அ. அல்பிரட்
(ஓய்வுபெற்ற லிகிதர்)

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் மடுத்தீன், பட்டியைக் காட்டவென்று வீட்டுக்கு வந்துவிட்டார். இங்கே வெண்டிக்காய் வாங்கிக்கொண்டு நழுவ வழியில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் ஆற அமரக் கேட்டார்.

"அண்ணை, இருபத்தெட்டு வருசம் கார்ஜிலை இருக்கிறன். தங்கச்சியின்ரை ரெண்டு பெட்டையளுக்கும் அந்த மண்டபத்திலைதான் எழுதினது. ஆர் எழுதலாம் எண்டு எனக்குத் தெரியாதே?"

"அப்ப ஏன் மடுத்தீன் இவ்வளவும்?"

"ரெண்டு வருசம் மாட்டன் எண்டு நிண்டிட்டன். பியர்ஃபித்திலை இருக்கிற அண்ணன்மாரிட்டையும் சொல்லிப் போட்டன். பிறகு சும்மா எப்பிடி ஓம் எண்டு சொல்லுறது? உங்கடை மருமகனைப் பிடிச்சுக்கொண்டுதான் இறங்கினனான். மேயர் எண்டால் அவையளும் வாய் திறக்காயினம்." தேத்தண்ணீரைக் குடித்து முடித்தார். "அவருக்கு ஆயிரம் வேலை, வராட்டிலும் பரவாயில்லை. கடைசி நேரத்திலை மேயருக்கு அலுவல் வந்திட்டுது எண்டு சொல்லுவம். ஆனால் அண்டைக்கு மேயராய் இருக்கவேணும்."

ஆகவே மேலே எழுதிய வேண்டுகோள் அனைத்தையும் இத்தால் ரத்துச் செய்கிறேன். நீர் வரவேண்டியதில்லை. பட்டியை மடுத்தீன் எங்கள் கண்ணாடியின் முன்னால் போட்டுப் பார்த்தார். ஊசி தேவைப்படவில்லை, விருந்துக்குத் தானே அதைப் போடப்போவதாகச் சொல்கிறார். நீர் செய்ய வேண்டியது ஒன்றுதான். யூன் 15 பின்னேரம் நான்கரை மணிவரை, எந்தக் கட்சி வந்து எப்படிக் கெஞ்சினாலும், மேயராகவே இரும். நான்கரைக்குப் பிறகு உமது விருப்பம்.