தளபதி நீலவேணியால் எங்கள் வீட்டில் நடந்த சதி

தொம்மலூர், பெங்களூர்
23-3-2003

பெருமதிப்பிற்குரிய 'அல்லிக்குளம்' வார இதழ் ஆசிரியர் அவர்களுக்கு,

ராணுவ நர்சிங் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற மேஜர் பியாட்ரிஸ் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நோய்நொடி இல்லாமல் இருக்க மாதாவை வேண்டுகிறேன். தங்கள் எழுத்தாளரும் நலமாகவே இருக்கட்டும். அவர் உடம்பில் தெம்பு இருந்தால்தான் நான் கேட்கப்போகும் கேள்விகளுக்கு நின்று பதில் சொல்ல முடியும்.

தங்கள் இதழில் வரும் விண்வெளித் தொடர்கதையை முதல் வாரத்திலிருந்து படித்து வருகிறேன். ஆழியம் என்ற கிரகத்தில் பிறந்த தளபதி நீலவேணி, வெளிக் கிரகங்களில் பல வருஷம் போர் செய்துவிட்டுப் பிறந்த மண்ணுக்குத் திரும்புகிறாள். எல்லோரும் மாலை போட்டு, சிரித்த முகத்தோடு வரவேற்கிறார்கள். ஆனால் அவள் எந்த அறைக்குள் நுழைந்தாலும் அங்கே பேச்சு நின்றுவிடுகிறது. சொந்தக் கிரகத்திலேயே ஏதோ சதி. நல்ல கதைதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஐயா, ராணுவத்தைப் பற்றி உங்கள் எழுத்தாளருக்கு என்ன தெரியும்? தளபதி தலைமுடியை விரித்துப் போட்டுக்கொண்டு போருக்குப் போகிறாள். தொப்பி இல்லாத தலையோடு சல்யூட் அடிக்கிறாள். எதிரியின் கிடங்குக்குள் தன்னந்தனியாகப் போகிறாள், எங்கே போகிறேன் என்று ஒரு ஜீவனிடம் சொல்லவில்லை. என் வார்டில் ஒரு சிப்பாய் அப்படிச் சொல்லாமல் பாத்ரூமுக்குப் போனால்கூட என்ன ஆகும் என்று ஜபல்பூரில் போய்க் கேளுங்கள். இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். இப்போது பொறுக்க முடியவில்லை, ஏனென்றால் உங்கள் கதை என் வீட்டுக்குள்ளேயே புகுந்துவிட்டது.

நானும் ஊர் திரும்பியவள்தான். பதான்கோட், லே, ஜபல்பூர் என்று காலமெல்லாம் அலைந்துவிட்டு, போன வருஷம் ஓய்வுபெற்று நாங்கள் பிறந்த தொம்மலூர் வீட்டுக்கே வந்து சேர்ந்தேன். கீழே என் தம்பி சில்வெஸ்டர், அவன் மனைவி பிரபா, அவர்கள் மகன் டென்சில். டென்சிலுக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் கம்ப்யூட்டர் வேலை. மாடியில் குடியிருப்பவர் ரத்தினம்மாள், வேலூர்ப் பக்கம், விசேஷ வீடுகளுக்குப் பலகாரம் போட்டுக் கொடுப்பவர். நான் வந்த மாதமே தம்பிக்குச் சர்க்கரை இருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் அம்மாவுக்கும் அதுதான். கட்டைவிரலில் சின்னப் புண், செருப்புக் கடி என்று விட்டுவிட்டார்கள், கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுக்கும்படி ஆனது. நான் அப்போது லேயில் இருந்தேன். பனியில் ரோடு மூடிக் கிடந்தது. யார் யாரோ பெற்ற பிள்ளைகளின் காலுக்கெல்லாம் கட்டுப் போட்டேன், என்னைப் பெற்றவளின் காலைப் பார்க்க எனக்கு லீவு கிடைக்கவில்லை. அந்தக் கோபம் இன்னும் எனக்குள் இருக்கிறது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. தம்பிக்கும் அப்படி ஆக விடுவேனா? அன்றைக்கே சமையலறையை என் பொறுப்பில் எடுத்துக்கொண்டேன். சர்க்கரை டப்பா பீரோவுக்குள் போயிற்று, எண்ணெய் ஸ்பூன் கணக்கானது. காலையில் கேழ்வரகுக் கஞ்சி, ராத்திரி சப்பாத்தியும் சுரைக்காய்க் கூட்டும். ஆளுக்கு ஒரு சாப்பாடு என்றால் ஒழுங்கு கெட்டுவிடும் என்பதால் வீடு முழுக்க இதே சாப்பாடுதான்.

மூன்று பேரும் முணுமுணுக்காமல் சாப்பிட்டார்கள். அங்கேதான் நான் ஏமாந்தேன். சுரைக்காய்க் கூட்டைத் தினமும் முணுமுணுக்காமல் சாப்பிடுகிறவனுக்கு ராணுவத்தில் உடனே ஜுரம் பார்ப்போம். சொந்தத் தம்பி என்பதால் விட்டுவிட்டேன். இதற்குள் தவக்காலம் வந்தது. மூவருக்கும் திடீரென்று பக்தி பொங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் போதும், கோயிலில் சிலுவைப்பாதை ஜெபத்துக்குப் போகிறோம் என்று ஜெபப் புத்தகமும் கையுமாகக் கிளம்பிவிடுவார்கள். டென்சில்கூட கம்பெனி கேபைச் சீக்கிரமே பிடித்து ஓடி வந்துவிடுவான். பதினான்கு ஸ்தலத்துக்கும் முழங்கால் போட என் மூட்டு இடம் கொடுக்காது, அதனால் நான் வீட்டிலேயே ஜெபமாலை சொல்லிக்கொண்டு, தம்பி குடும்பம் இப்படித் திருந்தியதே என்று கண் கலங்கினேன் ஐயா, நிஜமாகவே கலங்கினேன். திரும்பி வந்ததும் மூவரும் ராத்திரிச் சாப்பாடு வேண்டாம், ஒருசந்தி விரதம் என்பார்கள். நானும் பெருமையாகச் சப்பாத்தியை மூடி வைப்பேன்.

போன ஞாயிற்றுக்கிழமை முதல் பூசைக்குத் தனியாகப் போயிருந்தேன். வெளியே வரும்போது எங்கள் பங்குச் சாமியார் என்னைக் கூப்பிட்டு, சில்வெஸ்டருக்கு உடம்பு சரியில்லையா, இந்தத் தவக்காலத்தில் ஒரு சிலுவைப்பாதைக்கும் அவரைக் காணோமே என்றார். வீடு வரும் வழியெல்லாம் கணக்குப் போட்டேன். அதற்கு முந்தின வாரம்தான் ஒரு சஃபாரி சூட் ஆசாமி வாசலில் வந்து நின்று, மூலை மனை, நல்ல விலை வரும், ஆபீஸ் கட்டடம் கட்டலாம் என்று கன்னடத்தில் குழைந்துவிட்டுப் போனான். நான் அவனை விரட்டினேன், சில்வெஸ்டர் விரட்டவில்லை. ஆக வெள்ளிக்கிழமைதோறும் மூவரும் அவனைத்தான் பார்க்கப் போகிறார்கள், நான் பிறந்த வீட்டை எனக்குத் தெரியாமலேயே விற்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். வாரம் முழுக்க அவர்கள் முகத்தைப் பார்த்தேன். மூன்று பேரும் சிரித்த முகமாகவே இருந்தார்கள், நான் உள்ளே போனால் பேச்சு நின்றது.

உங்கள் கதையில் சதிகாரர்கள் கூடுவதற்கு அடையாளமாகக் கோபுரத்தில் சிவப்புத் துணி கட்டுகிறார்கள், நினைவிருக்கிறதா? வெள்ளிக்கிழமை சாயங்காலம் துணி எடுக்கக் கொல்லைக்குப் போனவள் நிமிர்ந்து பார்க்கிறேன், ரத்தினம்மாள் வீட்டுக் கம்பியில் ஒரு சிவப்புத் துண்டு. மழையும் இல்லை, அவர் அன்றைக்குத் துவைக்கவும் இல்லை. அது தொங்கிய கொஞ்ச நேரத்தில் என் வீட்டுப் பக்தர்கள் ஜெபப் புத்தகத்தை எடுத்தார்கள். நான் நீலவேணி இல்லை. கிளம்பும் முன் எதிர் பால் பூத் சந்திரசேகரனிடம், மாடிக்குப் போகிறேன், இறங்கி வர ரொம்ப நேரமானால் வந்து பாருங்கள் என்று தகவல் கொடுத்துவிட்டுத்தான் போனேன். அவர், ஆயித்து மேடம், நடக்கட்டும் என்றார்.

கதவைத் தட்டவில்லை, திறந்தேன். உள்ளே சஃபாரி சூட் ஆசாமியும் இல்லை, வக்கீலும் இல்லை. பிரபா வாணலி முன்னால் நின்று வாழைக்காய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தாள். ரத்தினம்மாள் ரவா கேசரி கிண்டிக்கொண்டிருந்தார், நெய் சுவரெல்லாம் மணக்கிறது. டென்சில் பாயில் உட்கார்ந்து உங்கள் இதழை விரித்து நீலவேணியை ஏற்ற இறக்கத்தோடு வாசிக்கிறான். என் தம்பி மடியில் கேசரித் தட்டை வைத்துக்கொண்டு கதை கேட்கிறான். ஜெபப் புத்தகங்களை ஜன்னலோரம் அடுக்கி வைத்திருந்தார்கள், அவற்றுக்காவது மரியாதை கொடுத்தார்கள். சிவப்புத் துண்டு யோசனை யாருடையது என்று கேட்டேன். டென்சில் இதழைத் தூக்கிக் காட்டுகிறான் ஐயா. உங்கள் இதழை!

சில்வெஸ்டர் எழுந்து நின்றான்.

"அக்கா, இன்னிக்கு வெள்ளிக்கிழம. இதுல மாமிசம் ஒண்ணும் இல்ல."

கேட்டீர்களா பதிலை? வெள்ளிக்கிழமை மாமிசம் தொடாத சுத்தபோஜனமாம். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

"அம்மா கால் ஞாபகம் இருக்காடா?"

அவன் தட்டைக் கீழே வைத்தான்.

"இருக்கு. கூட இருந்தவன் நான்தானே. நீ வந்ததுலேர்ந்து சுகர் எவ்ளோ, பிரஷர் எவ்ளோன்னு கேக்கற. எப்படிடா இருக்கேன்னு என்னை ஒரு நாள் கேட்டியாக்கா?"

இதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. ஆனால் வீட்டை விற்கவில்லையே என்ற நிம்மதியில் நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டது உண்மை, அதைக் கேசரி வாசனையால் வந்த மயக்கம் என்று ரத்தினம்மாள் நினைத்துக்கொண்டு, மேஜரம்மா நின்னுக்கிட்டே இருக்கீங்களே, ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க என்று தட்டை நீட்டுகிறார். வீட்டுச் சொந்தக்காரிக்கே லஞ்சம். தொடவில்லை. வாசனை நன்றாகத்தான் இருந்தது, அது வேறு விஷயம்.

நாளைக் காலை எல்லோரும் வெறும் வயிற்றோடு லேபில் ரத்தம் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டிருக்கிறேன். ரத்தினம்மாளும்தான். நான் செய்யாததை மற்றவரைச் செய்யச் சொல்லிப் பழக்கம் இல்லாததால் நானும் கொடுக்கிறேன். ரிசல்ட் வரட்டும், அதைக் கண்ணாடி போட்டு ஹாலில் மாட்டப்போகிறேன், இவர்கள் தின்ற பஜ்ஜியின் லட்சணம் ஊருக்கே தெரியட்டும். ஆகவே ஆசிரியர் ஐயா, குடும்பத்தில் இருப்பவர்களுக்குச் சதி சொல்லிக் கொடுக்கும் அந்தத் தொடர்கதையை உடனே நிறுத்துங்கள். முடியாது என்றால் சதிகாரர்களை அடுத்த வாரமே பிடித்துத் தண்டியுங்கள். நீலவேணியின் தலையை யாராவது வாரி விடுங்கள். இந்தக் கடிதத்தை ஒரு வரி குறைக்காமல் பிரசுரியுங்கள். இல்லையென்றால் இந்த மாதத்தோடு என் சந்தாவை மறந்துவிடுங்கள்.

தங்களுக்கும், தங்கள் இல்லத்தாருக்கும், அலுவலகத்தில் அச்சுக் கோப்பவர் முதல் தேநீர் வாங்கி வருபவர் வரை அனைவருக்கும் மாதாவின் ஆசீர் உண்டாகட்டும். உங்கள் எழுத்தாளருக்கு மட்டும், மனம் திருந்திய பிறகு.

இப்படிக்கு,
கடுங்கோபத்துடன்,
மேஜர் பியாட்ரிஸ் (ஓய்வு)

பி.கு.: தபால் தலை ஒட்டுவதற்குள் வியாழக்கிழமை ஆகிவிட்டது. ரிசல்ட் வந்துவிட்டது. சில்வெஸ்டருக்குச் சர்க்கரை நன்றாகக் கட்டுக்குள் இருக்கிறது. பிரபாவுக்கும் டென்சிலுக்கும் சர்க்கரை நோயே இல்லை. நெய்யிலும் பாகிலுமே வாழ்கிற ரத்தினம்மாளுக்கும் இல்லை. எனக்குத்தான் முந்நூறைத் தாண்டி இருக்கிறது. ரத்தத்தை மாற்றி வைத்துவிட்டார்கள் என்று லேபில் சண்டை போட்டு மறுபடி கொடுத்தேன், இன்னும் ஏறித்தான் வந்தது. ஆயிரம் பேருக்குப் பார்த்த கை இது, எனக்கு ஒரு தடவைகூடப் பார்த்துக்கொண்டதில்லை. பீரோ சாவி இப்போது தம்பியிடம். நேற்றுச் சாயங்காலம் அவன் டார்ச்சை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் தரையில் உட்கார்ந்து, என் பாதத்தைத் தூக்கி மடியில் வைத்து, விரல் விரலாகப் பிரித்துப் பார்த்தான். தொட்டா தெரியுதாக்கா என்று கேட்டான். தெரிந்தது. எப்படிடா இருக்கே என்று அப்போதுதான் அவனைக் கேட்டேன். நன்றாக இருக்கிறானாம். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதோம், காரணம் எல்லாம் கேட்காதீர்கள்.

எனவே மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். தொடர்கதையை நிறுத்த வேண்டாம், இப்போது எனக்குப் பொழுது போக அது ஒன்றுதான் இருக்கிறது. நாளைக்கு மூவரும் நிஜமாகவே சிலுவைப்பாதைக்குப் போகிறார்கள். என்னையும் கூப்பிட்டார்கள், மூட்டு வலி என்று சொல்லிவிட்டேன். மாடியில் நாளைக்கு பாதுஷா என்று கேள்விப்படுகிறேன், ஒன்றே ஒன்று சாப்பிட்டால் உலகம் முழுகிவிடாது. கடிதத்தைப் பிரசுரிப்பதானால் இந்தப் பின்குறிப்பை மட்டும் விட்டுவிடுங்கள். சில்வெஸ்டர் உங்கள் இதழை அட்டையிலிருந்து அட்டை வரை படிக்கிறவன்.