துடைத்தும் போகாத கோடு

மனித குலம் முறையாகப் பார்க்கக் கற்றுக்கொண்ட இடம் இத்தாலியின் பலெர்மோத் துறைமுகத்திலுள்ள "கடலடிப் பார்வை உயர் மையம்". அங்கே சோனார் திரையின் முன் மூன்று நிபுணர்கள் அமர்ந்திருப்பார்கள். கடலுக்குள் எழும் ஓசைகள் பச்சைப் புள்ளிகளாகத் திரையில் இறங்கும். எங்காவது இயந்திரம் ஓடினால் புள்ளிகள் சேர்ந்து கோடாகும். அந்தக் கோட்டைக் கண்டுபிடிப்பதே தொழில். கையேட்டின்படி அவர்கள் திரையின் நடுவை மட்டுமே பார்த்தார்கள். கண் ஓரத்துக்குப் போவது "ஒழுக்கக் கேடு".

அந்த வாரம் பெரும் பரீட்சை. கடலடியில் ஓர் இயந்திரத்தை ஒளித்து ஓட விட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் கண்டுபிடிக்க வேண்டும். நிபுணர்கள் மூன்று நாட்கள் கண்ணிமைக்காமல் பார்த்து, எதையும் காணாதிருந்தார்கள்.

துப்புரவு செய்யும் நாகபூசணிக்கும் வெள்ளிக்கிழமைதான் கெடு. இயக்குநர் திரையின் இடது ஓரத்தைக் காட்டினார்.

"சிஞ்ஞோரா, உங்கள் துணி இங்கே கோடு போட்டிருக்கிறது. இது போகாவிட்டால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டேன்."

ஒப்பந்தம் இல்லையென்றால் வதிவிட அனுமதியான பெர்மெஸ்ஸோ இல்லை; பெர்மெஸ்ஸோ இல்லையென்றால் இத்தாலியே இல்லை. நாகபூசணி வினாகிரி போட்டுத் தேய்த்தாள். எலுமிச்சை போட்டுத் தேய்த்தாள். கோடு போகவில்லை.

வியாழன் மத்தியானம் வாசல் காவலர் கோபாலசிங்கத்திடம் வந்தாள்.

"அண்ணை, அவை சாப்பிடப் போகேக்கை திரையை நிப்பாட்டிப் பாத்தனான். கண்ணாடி பளிச்செண்டு கிடக்கு. போட்டால் திரும்பவும் கோடு. இப்ப வளைஞ்சும் போகுது!"

"நீ வளைச்சுத் துடைச்சிருப்பாய்."

"விசர்க்கதை கதையாதேங்கோ. அது உள்ளுக்கை கிடக்கு."

"அப்ப போய்ச் சொல்லன்."

"சொன்னால் எனக்குத் துடைக்கத் தெரியாதெண்டுவினம்."

"சொல்லாட்டிலும் அதைத்தானே சொல்லுவினம். போ பிள்ளை!"

போனாள். தனக்குத் தெரிந்த இத்தாலிய மொழியில் சொன்னாள். இயக்குநர் சிரித்தார். நிபுணர்கள் மரியாதைக்காக இடப்பக்கம் திரும்பினார்கள். பழக்கமில்லாததால் ஒருவருக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டது. பிறகு யாரும் சிரிக்கவில்லை. மூவரும் அந்தக் கோட்டை அவசரமாகக் குறித்துக்கொண்டார்கள்.

மாலையில் அறிக்கை வந்தது: "எமது நிபுணர்களின் கூரிய பார்வைக்கு மற்றுமொரு வெற்றி."

ஒப்பந்தமும் வந்தது. இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். புதிதாக ஒரு நிபந்தனை மட்டும் சேர்த்திருந்தார்கள்: "பணியாளர் திரையைத் துடைக்கும்போது அதைப் பார்க்கக் கூடாது."

கோபாலசிங்கம் இரண்டு தரம் வாசித்தார்.

"என்ன பிள்ளை இது? பாக்காமல் இருக்கிறதுக்கும் சம்பளமோ?"

நாகபூசணி கடதாசியைப் பத்திரமாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

"ஓம் அண்ணை. உள்ளுக்கை ஏற்கெனவே மூண்டு பேர் அதுக்குத்தானே சம்பளம் எடுக்கினம்."